எந்தத் தண்ணி?

நான் குடிப்பதில்லை. பீர்கூட இல்லை. கல்யாண மண்டபத்தில் நண்பர்கள் மாடிப் பக்கம் ஒதுங்கும்போது கீழேயே நின்று பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் நான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், குடிப்பதில்லை என்று சொல்லச் சொல்லக் குடிகாரன் என்பது உறுதியாகிக்கொண்டே போகும் ஓரிடத்தில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. மனசும் முக்கால்வாசி தேறிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எல்லோரையும் மன்னித்து ஏதாவது எழுதிவிடுவேன், அந்தப் புத்தி எனக்கு உண்டு.

என் பெயர் சரவணன். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மெடிக்கல் கோடிங் என் தொழில். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே டாக்டர் எழுதும் குறிப்பு எங்களுக்கு வரும். அதைப் படித்து அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். எல்லா நோய்க்கும் எண் உண்டு. கிளி கடித்தால்கூட ஒரு எண் இருக்கிறது, சத்தியமாக. குடிநோய் என்றால் எஃப்-10. மனச்சோர்வு என்றால் எஃப்-32. பதினோரு வருஷமாக இந்த எண்களோடு குடும்பம் நடத்துகிறேன். இந்தத் தொழிலில் இரண்டு சட்டம். டாக்டர் எழுதாததைக் கோடர் சேர்க்கக் கூடாது. எழுதியதில் சந்தேகம் வந்தால் நாமாக மாற்றவும் கூடாது, டாக்டருக்கு முறைப்படி ஒரு கேள்வித்தாள் அனுப்ப வேண்டும். அதற்கு க்வெரி என்று பெயர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அமெரிக்கக் குறிப்புகளில் எனக்குப் பிடித்தது முதல் வரி. நோயாளி உள்ளே வந்ததும் என்ன சொன்னாரோ அதை அவர் சொன்ன சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதியிருப்பார்கள். ‘என் கால் நேற்றிலிருந்து என்னுடையது மாதிரி இல்லை’ என்று ஒரு கிழவர் சொல்லியிருந்தார். டாக்டர் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. கடல் தாண்டி இருக்கும் யாரோ ஒரு கிழவருக்குக் கிடைத்த அந்த மரியாதை, நாற்பது கிலோமீட்டர் தாண்டி தருமபுரியில் எனக்குக் கிடைக்கவில்லை.

சேலம் ஆபீஸை மூடிவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னபோது ஊரே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஜன்னலில் சித்தேரி மலை. என் மனைவி மல்லிகா தனியார் பள்ளியில் டீச்சர். எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் ஏறினால் ஐந்தரைக்குத்தான் இறங்குவாள். பிள்ளைகள் இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் என் அண்ணன் செல்வத்துக்கு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வியாபாரம், சீசனில் ஆளைப் பார்க்கவே முடியாது. எட்டிலிருந்து ஐந்தரை வரை ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்காமல் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். இதைத்தான் கொடுத்துவைத்தவன் என்றார்கள்.

நோய் எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சோகம் என்று நினைத்துவிடாதீர்கள். சோகம் வந்தால் அழலாம், அழுதால் பசிக்கும். இது வேறு. பல் தேய்க்க வேண்டும் என்று நினைத்தால் பிரஷ் மாடிப்படிக்குக் கீழே ஏழு கடல் தாண்டி இருப்பதாகத் தோன்றும். சாப்பாட்டுக்கு ருசி போயிற்று. மல்லிகா பேசினால் வார்த்தை காதில் விழும், அர்த்தம் வந்து சேராது. “என்னங்க ஆச்சு?” என்று கேட்பாள். “ஒண்ணுமில்ல” என்பேன். நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் செல்வாக்கு எம்.எல்.ஏ.வுக்குக்கூடக் கிடையாது. இதைச் சொன்னால் எந்தக் கேள்வியும் அப்படியே திரும்பிப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் கேம் வந்தது. கேம் என்றதும் உங்களுக்குத் துப்பாக்கியும் ரம்மியும்தான் ஞாபகம் வரும், தெரியும். அண்ணனுக்கும் அதேதான் வந்தது. “ரம்மியாடா? எவ்ளோ உட்ட?” என்று கேட்டார். மனுஷனின் தனிமையை, மனசு கெட்டுப்போவதை, ஒரு கதை மாதிரி நம் கையில் கொடுத்து நடத்திப் பார்க்கச் சொல்லும் கேம்கள் இருக்கின்றன. சுடுவதற்கு ஆள் கிடையாது, பாயிண்ட் கிடையாது. கூட வேலை பார்த்த ஒருத்தி சிபாரிசு செய்தாள் என்று ஒன்றைப் போனில் இறக்கினேன்.

மழை பெய்யும் ஏதோ ஒரு ஊர். மூன்றாவது மாடியில் தனியாக ஒரு பெண். காலையில் அவளை எழுப்ப வேண்டும், டீ போட வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வருகிறது. துடைத்தால் மறுபடி வருகிறது. அவ்வப்போது எதிர்வீட்டுக்காரர் வந்து காலிங் பெல் அடிக்கிறார். அப்போது திரையில் மூன்று பதில் தோன்றும். ‘நன்றாக இருக்கிறேன்.’ ‘கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.’ ‘அப்புறம் வருகிறீர்களா?’ எதைத் தொட்டாலும் அவர் போய்விடுவார், தண்ணீர் ஒரு சாண் ஏறும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. பிறகு திரை இருண்டு, மறுபடி முதல் நாள். பதினோரு தடவை ஆடினேன். ஒவ்வொரு தடவையும் மூழ்கினேன்.

மூழ்குவதற்கு எதற்கு மறுபடி ஆடினாய் என்று கேட்பீர்கள். பின்னால் பேச்சு வைத்தியம் பார்த்தவரும் கேட்டார். என்ன ஆகிறது எனக்கு என்று யாரும் சொல்லாத காலத்தில், இதுதான் ஆகிறது என்று ஒரு போன் சொன்னது. அதனால் ஆடினேன். அந்தக் கேம் என்னைக் கெடுக்கவில்லை, குணப்படுத்தவும் இல்லை. எனக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. பாழாய்ப்போன அந்தச் சொல் தமிழில் தண்ணி.

ஒரு செவ்வாய்க்கிழமை. திங்களிலிருந்து நான் லாகின் செய்யவில்லை, சாப்பிடவில்லை, வெறும் காப்பி. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பும் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தொண்டை வரை வரும், வாயைத் திறந்தால் ஒண்ணுமில்ல என்று வெளியே போகும். மல்லிகா பள்ளியிலிருந்து வந்து மாடி ஏறிப் பார்த்தபோது, நான் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன என்று கேட்டாள். அன்றைக்கு ஒண்ணுமில்ல வரவில்லை.

“தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துருச்சு மல்லிகா. இன்னும் கொஞ்ச நாள்தான்.”

அவள் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தாள். அரை மணியில் கார் வந்தது. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவர்களுக்கும் விளம்பரம். அங்கே ஓர் இளம் டூட்டி டாக்டர், இன்னும் மீசை சரியாக முளைக்காதவர். அண்ணன்தான் பேசினார்.

“வர்ற வழியெல்லாம் தம்பி தண்ணி தண்ணின்னே பொலம்பிட்டு வந்தானுங்க சார். வேற பேச்சே இல்லீங்க.”

டாக்டர் மல்லிகாவிடம் திரும்பினார். “எத்தன மாசமா இருக்குதும்மா இந்தப் பழக்கம்?”

“நாலு மாசமா இருக்குமுங்க” என்றாள். அவள் கேமைச் சொன்னாள்.

“தெனமுமா?”

“தெனமுந்தாங்க.”

“காலையிலயேவா?”

“கண்ணு முழிச்சதுமே ஆரம்பிச்சிருவாருங்க. ஞாயித்துக்கெழமன்னா எந்திரிக்கவே மாட்டாருங்க.”

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். என் கைகளை நீட்டச் சொன்னார். இரண்டு நாள் பட்டினி கிடந்த கை நடுங்காமல் என்ன செய்யும்? அதையும் எழுதினார். பிறகு என்னிடம் குனிந்து, “எவ்ளோ சார் உள்ள போவுது?” என்றார்.

“இடுப்பு வரைக்கும்” என்றேன்.

அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். ஊதச் சொல்லிப் பார்த்திருக்கலாம், ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர்கூட அதைச் செய்வார். அவர் எழுதிய குறிப்பில் மேற்கோள் குறி இல்லை, ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பார்த்தே படித்துவிட்டேன், அதுதானே என் தொழில். எஃப்-10 இனத்தில் சேர்த்திருந்தார்கள்.

குடி மறுவாழ்வு வார்டு பின்பக்கம். எட்டுக் கட்டில், கம்பிக் கதவு. போனை வாங்கி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டார்கள். கைலிக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்த பச்சைப் பைஜாமா. நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் சில பேருக்கு வலிப்பும் வரும். அது வராமல் இருக்க ஒரு மாத்திரை கொடுப்பார்கள், நன்றாகத் தூங்க வைக்கும். குடிப்பவர்களுக்கு ஒரு வைட்டமின் வற்றிப்போகும் என்பதால் அதற்கு ஓர் ஊசி. இவையெல்லாம் நல்ல வைத்தியம்தான், குடித்தவனுக்கு. நான் இரண்டு நாள் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். உள்ளே இருந்த தண்ணீர் தூங்கவில்லை.

வியாழக்கிழமை பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் வருபவர். என் கட்டிலுக்கு முன்னால் நின்று ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “கல்லீரல் டெஸ்ட் நார்மல்தான். நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்க” என்றார். நான் எழுந்து உட்கார்ந்து, “மேடம், நான் குடிக்கிறதே இல்லீங்க” என்றேன். அடுத்த கட்டிலில் ஒருத்தர் ‘க்ளுக்’ என்று சிரித்தார். டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் கல்லீரல் எனக்காகச் சொன்ன சாட்சியையும் எனக்கு எதிராகவே எழுதிக்கொண்டார்கள்.

தினமும் பதினோரு மணிக்கு வட்டமாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, நான் குடிநோயாளி என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தால் நான் சொல்ல மாட்டேன். கவுன்சிலர் நல்ல மனுஷர், குரலை உயர்த்தமாட்டார். “ஒத்துக்கறதுதாங்க மொதப் படி. யாருமே ஒடனே ஒத்துக்க மாட்டாங்க” என்பார். நான் கத்தினேன். கத்துவது அறிகுறி என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று மட்டும் அந்த ஆறு நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

அந்த வார்டில் என்னை நம்பிய முதல் ஆள் ஒரு குடிகாரர். அடுத்த கட்டிலில் ‘க்ளுக்’ என்று சிரித்தாரே, அவர்தான். முனுசாமி அண்ணன், அரூரில் லாரி டிரைவர், மூன்றாவது தடவையாக உள்ளே வந்தவர். வெள்ளிக்கிழமை ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போனதும் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“தம்பி, நீ நெசமாலுமே குடிக்கிறதில்ல போல.”

“ஆறு நாளா அதத்தான அண்ணா கத்திட்டு இருக்கறேன்.” நாலு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் ஆறு மாதம் மாதிரி இருந்தது.

“நீ கத்துனத யாரு கேட்டா? ஊசி போட அந்தப் பொண்ணு பஞ்சுல ஸ்பிரிட்டு நனைச்சுதே, பாத்தியா? ஏழு தலையும் அந்தப் பக்கம் திரும்புச்சு. உன் தலை மட்டும் செவுத்தப் பாத்துட்டு இருந்துச்சு. மூணு நாளா இதத்தான் பாத்துட்டு இருக்கறேன்.”

எம்.டி. படித்தவர்கள் கண்டுபிடிக்காததை அவர் ஒரு பஞ்சை வைத்துக் கண்டுபிடித்தார். எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முழுக் கதையையும் சொன்னேன், கேம், மூன்றாவது மாடிப் பெண், காலிங் பெல், கழுத்து வரை ஏறும் தண்ணீர். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், “எனக்கும் அந்தத் தண்ணி வந்துச்சு தம்பி, லோடு ஏத்திட்டு நாள் கணக்கா ஒத்தையில ஓட்டறப்ப” என்றார். “எனக்கு யாரு கேமு குடுத்தா? இந்தத் தண்ணிய ஊத்திக்கிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். மல்லிகா டிபன் கேரியரில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தாள். அண்ணன் உள்ளே வரவில்லை. ஊரில் எனக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார், என் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரித் தலையணையில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று, வீட்டில் நான் வைத்துக்கொள்ளும் இலவம்பஞ்சுத் தலையணையைத் துணிப்பையில் சுற்றி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டார் அந்த மனுஷர்.

“மல்லிகா, நான் குடிக்கறனா?” என்றேன்.

அவள் களியைப் பிசைந்துகொண்டே, “எனக்கு எப்படிங்க தெரியும்? நான் காலையில போனா சாயந்தரம் வர்றேன்” என்றாள். பத்து வருஷம் கூடப் படுத்தவள். நான் டிபன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். பிறகு அவளே மெதுவாக, “எல்லாம் அந்தக் கேமால வந்ததுங்க. அந்தச் சனியன இன்னிக்கே போன்லருந்து அழிச்சிருவேன்” என்றாள்.

“அழி. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நீ வெளையாடு.”

“நானா?”

“ஒரே ஒரு தடவ. எனக்காக.”

என்ன நினைத்தாளோ, சரி என்றாள். மறுநாள் திங்கள், அவளுக்குப் பள்ளி. ஆனால் காலை பத்து மணிக்கே கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். பார்வையாளர் நாள் இல்லை என்று வார்டு பாய் தடுத்தான். அவள் டீச்சர் குரலில் ஏதோ சொன்னாள், விட்டுவிட்டான். முகம் வீங்கியிருந்தது.

முந்தின நாள் பஸ்ஸில் திரும்பும்போதே ஆடியிருக்கிறாள். அதுவரை போனில் வாட்ஸ்அப் தவிர வேறெதுவும் தொடாதவள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணை எழுப்பி, டீ போட வைத்து, பெல் அடித்தபோதெல்லாம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று தொட்டிருக்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்போது பெல் மறுபடி அடிக்க, அதே நேரம் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து நின்றிருக்கிறார். சில்லறை இல்லை. போனை மடியில் போட்டுவிட்டு பர்ஸைக் குடைந்திருக்கிறாள். பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது, இவளுக்கு அவமானம். கண்டக்டர் நகர்ந்ததும் குனிந்து பார்த்தால், திரையில் கதவு திறந்திருக்கிறது.

“வெளியிலருந்து தொறந்துட்டாருங்க அந்த எதுத்த வூட்டுக்காரரு” என்றாள். “ஒண்ணுமே கேக்கல. ஷூவக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, பேண்ட்ட மடிச்சு உட்டுக்கிட்டு, அந்தத் தண்ணியில எறங்கி உள்ள வர்றாருங்க.”

நாலு மாதம், பதினோரு தடவை. ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பெல் அடித்தால் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள். மூன்று பொய்யில் ஒன்றைச் சட்டென்று தொட்டுவிடுவேன், அவரும் போய்விடுவார்.

“நீங்க தண்ணி தண்ணின்னு சொன்னது இதத்தானுங்களா?”

“இதத்தான்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சும்மா இல்லை, சத்தம் வர அடித்துக்கொண்டாள். “அந்த டாக்டரு எத்தன மாசமான்னு கேட்டாரே, நான் கேம கேக்கறாருன்னு நெனச்சு நாலு மாசம்னேனுங்க. கண்ணு முழிச்சதுமேன்னு வேற சொன்னேன். நானே உங்கள இங்க தள்ளிட்டேனுங்களே!” முனுசாமி அண்ணன் போர்வைக்குள் சிரிப்பை அடக்கியதில் கட்டிலே ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவை.

மல்லிகா அழுது முடித்ததும், “இப்ப என்ன பண்றதுங்க?” என்றாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆறு நாளாக நான் நோயாளி மாதிரியே கத்திக்கொண்டிருந்தேன். நோயாளி சொல் அங்கே அம்பலம் ஏறாது. ஆனால் நான் கோடர். அவள் பையில் யூனிட் டெஸ்ட் பேப்பர் ஒன்று இருந்தது, பின்பக்கம் வெள்ளை. அவளுடைய சிவப்புப் பேனாவை வாங்கி, பதினோரு வருஷமாக அமெரிக்க டாக்டர்களுக்கு எழுதும் அதே இங்கிலீஷில், அதே அமைப்பில், என் கேஸுக்கு நானே ஒரு க்வெரி எழுதினேன். சேர்க்கைக் குறிப்பில் குடிநோய் என்று உள்ளது. கல்லீரல் சோதனை இயல்பு. நடுக்க மாத்திரை குறைத்த பின்னும் நடுக்கம் இல்லை. நாலு மாதமாகப் பசியின்மை, ஒன்பது கிலோ எடைக் குறைவு, வேலை செய்ய இயலாமை. நோயாளி பயன்படுத்திய ‘தண்ணி’ என்ற சொல் எந்தப் பொருளில் பதியப்பட்டது? மருத்துவர் தயவுசெய்து தெளிவுபடுத்தவும். ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை நான் எழுதவில்லை. டாக்டர் வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது என்பது க்வெரியின் விதி. அந்தக் கோபத்திலும் விதியை மீறவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மல்லிகா தாளோடு பெரிய டாக்டரம்மாவின் அறை வாசலுக்குப் போனாள். டோக்கன் இருக்கிறதா என்று கேட்டார்களாம். பதில் சொல்லவில்லை. எந்தப் பேஷண்ட், என்ன விஷயம், அப்புறம் வர்றீங்களா என்று கேட்டார்களாம். எதற்கும் பதில் சொல்லவில்லை. தாளை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள். கடைசியில் கதவு உள்ளிருந்து திறந்ததாம். எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். கையில் அந்தத் தாள்.

“இத எழுதுனது யாரு?”

“நாந்தாங்க.”

“கோடரா நீங்க?” ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பேசிய முதல் டாக்டர். ஃபைலைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்க சரவணன். எந்தத் தண்ணி?”

இரண்டே வார்த்தை. செவ்வாய்க்கிழமை கேட்டிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை. அழுதுவிட்டேன். அவர் அவசரப்படாமல் இருந்தார். பிறகு எல்லாம் சொன்னேன். முடித்ததும் நேராகக் கேட்டார். “செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?” ஒண்ணுமில்ல என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. மல்லிகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஆமாங்க” என்றேன். சொன்னதும் ஏதோ இறங்கியது. கால் தரையில் பட்டது.

அவர் விளக்கினார். இது மனச்சோர்வு நோய். மூளையில் தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் நடத்தும் வேலை படுத்துவிடுகிறது, மனசு தைரியம் போதாமல் வருவதில்லை. மாத்திரை உண்டு, ஆனால் வேலை காட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை என்னைத் தனியாக விடக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் இப்படி வரும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள், சரியாக இருந்தது. கூடவே பேச்சு வைத்தியம், வாரம் ஒரு நாள். எழுந்து போகும்போது, “வியாழக்கெழமயே நான் கேட்டிருக்கணும்” என்றார். மன்னிப்பு என்று சொல்லவில்லை, ஆனால் எனக்குப் போதும். அந்த டூட்டி டாக்டர் மட்டும் கடைசி வரை, “பத்துல ஒம்பது பேரு அப்படித்தான் சார் வர்றாங்க” என்றார். பத்தாவது ஆள் செத்துப்போயிருந்தால் என்ன எண் போட்டிருப்பார் என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புதன்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளை வரி வரியாகப் படித்தேன். நோய், எஃப்-32 இனம். மேலே முதல் வரியில், மேற்கோள் குறிக்குள், தமிழிலேயே: ‘தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துருச்சு.’ டாக்டரம்மா கையெழுத்து. கிளம்பும்போது முனுசாமி அண்ணன், “அந்தக் கேம என் சம்சாரத்து போனுக்கு அனுப்பி உடு தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டா” என்றார். அனுப்பினேன். எப்படி முடிப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

நாலு மாதம் ஆகிறது. மாத்திரை ஓடுகிறது. வாரம் மூன்று நாள் அரூரில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், அங்கே மனிதக் குரல் அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. மல்லிகா இப்போது என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. வேனிலிருந்து இறங்கியதும் வாசலிலிருந்தே மாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பாள். “என்னங்க, இன்னிக்கு தண்ணி எவ்ளோ?” நான் ஜன்னலிலிருந்து, “கணுக்கால் வரைக்குந்தான்” என்பேன். பக்கத்து வீட்டில் இதைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயும் இவன் திருந்தவில்லை, பெண்டாட்டியும் கணக்குக் கேட்டு ஊற்றிக் கொடுக்கிறாள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு அவமானம் தாங்கவில்லை. பேசிவிட்டுப் போகட்டும், ஊரில் யாரும் எந்தத் தண்ணி என்று கேட்கப்போவதில்லை.

நேற்று கேட்டபோது, “முழங்காலு” என்றேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அறை வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.